மண்ணுக்குள் போன வேலி, ஆளில்லாத தெரு: கால்வெஸ்டனின் பழைய படங்களை எப்படிப் படிப்பது?

அமெரிக்கச் சிறு நகரங்களின் பழைய கட்டடப் படங்கள் ரீல்ஸிலும் யூடியூபிலும் ஓயாமல் சுற்றுகின்றன. அரண்மனை மாதிரி ஒரு செங்கல் மாளிகை, முன்னால் அகலமான தெரு, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கீழ்த்தள ஜன்னல் பாதி மண்ணுக்குள் போயிருக்கிறது. பின்னணியில் ஒரு குரல் கேட்கிறது: குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தவர்களால் இதைக் கட்டியிருக்க முடியுமா? அடுத்து 'டார்டாரியா' வந்துவிடும். உலகம் முழுக்கப் பரவியிருந்த ஒரு பேரரசாம். ஒரு 'சேற்று வெள்ளம்' அதை மூடிவிட்டதாம். மிச்சமிருந்த கட்டடங்களைத் தங்களுடையது என்று பின்னால் வந்தவர்கள் எழுதிக்கொண்டார்களாம்.

இது கட்டுக்கதை. ஆனால் அந்தப் படங்களைப் பார்ப்பவருக்கு எழும் சந்தேகங்கள் நியாயமானவை. தெரு ஏன் காலி? ஜன்னல் ஏன் புதைந்திருக்கிறது? இத்தனை சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை பெரிய கட்டடம்? விடை காண ஒரே ஊரை எடுத்துக்கொள்வது நல்லது. டெக்சாஸ் கடலோரத்தில் ஒரு மணல் தீவில் இருக்கும் கால்வெஸ்டன் அதற்குத் தோதான ஊர். ஏனென்றால் அங்கே தெருக்கள் நிஜமாகவே புதைக்கப்பட்டன. புதைத்தவர்கள் யார், எந்த வருடம், மண் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் எழுத்திலும் படத்திலும் இருக்கிறது.

சின்ன ஊர், பெரிய பணம்

1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கால்வெஸ்டனின் மக்கள்தொகை 38,000க்குச் சற்றுக் குறைவு. ஆனால் அது பருத்தி ஏற்றுமதித் துறைமுகம். உள்நாட்டில் விளைந்த பருத்தி ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறியது. துறைமுகத்தை ஒட்டிய ஸ்ட்ராண்ட் தெருவில் வங்கிகளும் மொத்த வியாபாரிகளும் காப்பீட்டு முகவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தென்மேற்கின் வால் ஸ்ட்ரீட் என்று அந்தத் தெருவுக்குப் பட்டப்பெயர்.

அந்தப் பணம் கட்டடமாக மாறியது. அயர்லாந்தில் பிறந்த நிக்கோலஸ் கிளேட்டன் என்ற கட்டடக் கலைஞர் 1870கள் தொடங்கி ஊரின் முக்கியக் கட்டடங்களில் பலவற்றை வரைந்தார். வழக்கறிஞரும் ரயில்வே முதலாளியுமான வால்ட்டர் கிரெஷமுக்காக அவர் கட்டிய கல் மாளிகை 1890களின் தொடக்கத்தில் முடிந்தது. பிற்காலத்தில் கத்தோலிக்க மறைமாவட்டம் அதை வாங்கியதால் இன்று அதற்கு 'பிஷப்ஸ் பேலஸ்' என்று பெயர். மருத்துவக் கல்லூரியின் 'ஓல்ட் ரெட்' கட்டடமும் அவர் வரைந்ததுதான். கட்டியவர் பெயரும் கட்டவைத்தவர் பெயரும் தெரிந்த கட்டடங்கள் இவை. இதில் மர்மப் பேரரசுக்கு இடம் எங்கே?

1885 நவம்பரில் ஒரு பெருந்தீ சுமார் 40 தெருக்கட்டங்களை எரித்துவிட்டது. கிழக்குப் பகுதி வீடுகளில் பல ஒரே காலத்தவை மாதிரி தெரிவதற்கு அதுதான் காரணம். தீக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாகக் கட்டினார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1914இல் ஹூஸ்டன் கப்பல் கால்வாய் திறந்ததும் வியாபாரம் உள்நாட்டுக்கு நகர்ந்தது. கால்வெஸ்டனில் பணம் வற்றியது. பழையதை இடித்துப் புதியது கட்ட ஆளில்லை. பழைய படத்தில் பார்க்கும் பல கட்டடங்களை இன்றும் நேரில் பார்க்க முடிகிறதென்றால், அக்கறையைவிடப் பணமுடைக்குத்தான் அதில் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

தெரு ஏன் காலியாக இருக்கிறது?

இதற்கான விடை கேமராவுக்குள் இருக்கிறது. 1851இல் வந்த ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். வெயிலிலேயே சில வினாடிகள் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தெருவைக் கடந்து போகிறவர் தட்டில் பதிவதே இல்லை. சற்று நின்று நகர்ந்தவர் புகை மாதிரி ஒரு கறையாக விழுவார். அசையாமல் நின்ற கட்டடம் மட்டும் ஊசி முனைத் துல்லியத்தோடு இருக்கும்.

1880களில் உலர்தட்டு பரவிய பிறகு நொடியின் சிறு பகுதியிலேயே படமெடுக்க முடிந்தது. அப்போதும் கட்டடப் படம் எடுப்பவர்கள் பெரிய தட்டு, லென்ஸில் சிறிய துளை என்ற வழக்கத்தை விடவில்லை. அருகிலிருக்கும் படிக்கட்டும் தூரத்துக் கூரையும் ஒருங்கே தெளிவாக வர வேண்டுமே. துளை சிறுத்தால் நேரம் கூடும். அதோடு கட்டடத்தை மறைக்கும் கூட்டம் அவர்களுக்கு வேண்டாத விருந்தாளி.

வானம் வெள்ளைத் தாளாக இருப்பதும் இதே ரகம். அந்தக் காலத் தட்டுகள் நீல ஒளியை அள்ளிக்கொள்ளும், சிவப்பை ஏறக்குறைய உணராது. ஆகவே நீல வானம் வெளுத்துப்போகும், செங்கல் இருண்டுபோகும். அமெரிக்கக் கொடி தெரியும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நட்சத்திரங்கள் இருக்கும் நீலக் கட்டம் வெளிறியும் சிவப்புப் பட்டைகள் கறுத்தும் இருக்கும். இன்றைய செயலிகள் ஒரே தட்டலில் வண்ணம் தீட்டித் தரும் படங்களை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும். இருட்டாகத் தெரியும் சுவர் கருங்கல்லா, செங்கல்லா, மஞ்சள் சாயம் பூசியதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. செயலி ஊகிக்கிறது. ஊகம் அழகாக இருப்பதால் உண்மையாகிவிடாது.

வேலி எப்படிப் புதைந்தது?

அன்றைய கால்வெஸ்டனில் உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 9 அடியைத் தொடவில்லை. 1900 செப்டம்பர் 8 அன்று வந்த புயலில் கடல் 15 அடிக்கும் மேலே எழுந்து தீவின் மேல் ஏறியது. 6,000 முதல் 12,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 8,000 என்ற எண்தான் அதிகம் சொல்லப்படுகிறது. 3,600க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. இன்று வரை அமெரிக்கா கண்ட இயற்கைச் சீற்றங்களில் உயிர்ப்பலி அதிகம் வாங்கியது இதுதான். எடிசன் நிறுவனத்தின் ஆட்கள் அதே மாதம் வந்து இடிபாடுகளைச் சலனப்படமாக எடுத்தார்கள். அந்தத் துண்டுகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (Library of Congress) இணையதளத்தில் இன்றும் பார்க்கலாம்.

ஊரைக் கைவிடுவதா, காப்பாற்றுவதா? மூன்று பொறியாளர்கள் கொண்ட குழு ஒன்றை நகரம் அமைத்தது: ஹென்றி ராபர்ட், ஆல்ஃபிரட் நோபிள், எச். சி. ரிப்லி. (கூட்டங்களை நடத்தும் முறை பற்றி அமெரிக்கர்கள் இன்றும் புரட்டும் கையேட்டை எழுதியவரும் இதே ராபர்ட்தான். ராணுவப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.) குழு சொன்னது இரண்டு வேலைகள். ஒன்று, கடலோரமாக 17 அடி உயரக் கான்கிரீட் சுவர். 1902இல் தொடங்கிய அதன் முதல் பகுதி 1904இல் முடிந்தது. இரண்டாவது, சுவருக்குப் பின்னால் இருக்கும் ஊரையே தூக்கி, அடியில் மண் நிரப்புவது. 1903இல் தொடங்கிய அந்த வேலை 1911 வரை நடந்தது. டார்டாரியா ஆட்கள் திகைத்துப்போகும் படங்களுக்கு மூலம் இந்த இரண்டாவது வேலைதான்.

அது நடந்த விதம் இப்படி. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி மண்கரை எழுப்பினார்கள். கரைக்குள் இருந்த வீடுகள் ஜாக்கி வைத்துத் தூக்கப்பட்டு, உயரமான கால்களின் மேல் உட்கார்ந்தன. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது இப்போது நம் ஊர்களிலும் நடக்கிற விஷயம்தான், ஆனால் அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள். குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், டிராம் தண்டவாளம் எல்லாமே மேலே ஏறின. ஊரின் நடுவே ஒரு கால்வாய் வெட்டி, அதன் வழியே தூர்வாரும் கப்பல்களை உள்ளே கொண்டுவந்தார்கள். அவை கடலடியிலிருந்து வாரிய மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய்களில் பாய்ச்சின. தண்ணீர் வடிந்தது, மணல் தங்கியது. மொத்தம் சுமார் 1.6 கோடி கன கெஜம் மணல். நடந்துகொண்டிருந்த வருடங்களில் மக்கள் தலை உயரத்துக்கும் மேலே கட்டிய பலகைப் பாலங்களில் கடைக்குப் போய் வந்தார்கள். உப்பு மணல் மூடியதில் ஊரின் மரங்களும் தோட்டங்களும் பட்டுப்போயின.

தனித்துச் சொல்ல வேண்டியது செயின்ட் பேட்ரிக் தேவாலயம். 3,000 டன் எடை. 700 ஜாக்கிகளை அடியில் கொடுத்து, சைகைக்கு ஏற்ப எல்லோரும் ஒரே நேரத்தில் திருகித் திருகி, 5 அடி உயர்த்தினார்கள். உள்ளே வழிபாடு தொடர்ந்தது.

வீட்டைத் தூக்கும் செலவு அந்தந்த உரிமையாளர் தலையில். மரவீடு என்றால் எளிது. கனமான செங்கல் வீட்டுக்காரர்களில் சிலர் தூக்காமல் விட்டார்கள். ஊரின் பெரிய சாலையான பிராட்வேயில் 1859இல் கட்டப்பட்ட ஆஷ்டன் வில்லா அப்படிப்பட்டது. அதன் நிலவறை மணலால் நிரப்பப்பட்டது. வீட்டைச் சுற்றியிருந்த வார்ப்பிரும்பு வேலியின் கீழ்ப்பகுதியும் மண்ணுக்குள் போய்விட்டது. புயலுக்கு முந்தைய படத்தில் ஆளுயரம் நிற்கும் வேலி, இன்று அதே இடத்தில் குட்டையாகத் தெரிகிறது. சேற்று வெள்ளக்காரர்கள் ஆதாரமாகக் காட்ட விரும்பும் காட்சி இதைவிட வேறு இருக்க முடியாது. ஆனால் கால்களின் மேல் நிற்கும் வீடுகள், மணல் கக்கும் குழாய்கள், பலகை நடைபாதைகள் என்று மண் நிரப்பிய வேலை படிப்படியாகப் படமாகி, ஊரின் ரோசன்பெர்க் நூலகத்தில் இருக்கிறது. மறைக்க நினைத்தவர்கள் இத்தனை படம் எடுத்து வைத்திருப்பார்களா?

கால்வெஸ்டன் தனியல்ல. சிகாகோ 1850, 60களில் சாக்கடை வசதிக்காகத் தன் தெருக்களை உயர்த்தியது. ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து சாக்ரமெண்டோ 1860களிலும், 1889 தீக்குப் பிறகு சியாட்டிலும் அதையே செய்தன. பாதி ஜன்னல் தெரியும் அமெரிக்கப் படங்களில் பலவற்றுக்கு விளக்கம் இதுதான். மீதிப் பலவற்றில் அது வெறும் நிலவறை ஜன்னல். வெளிச்சத்துக்காக அப்படியே வடிவமைக்கப்பட்டது.

யார் எடுத்தார்கள், யாருக்காக?

ஒரு படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இதற்குக் காசு கொடுத்தது யார் என்பதே. இரட்டைப் படத்தை அட்டையில் ஒட்டி, கண்ணாடிக் கருவி வழியாகப் பார்த்தால் முப்பரிமாணத்தில் தெரியும் ஸ்டீரியோ அட்டைகள் வீட்டு வரவேற்பறைப் பொழுதுபோக்கு. கால்வெஸ்டன் இடிபாடுகள் அந்த வடிவில் நாடு முழுக்க விற்றன. அழிவு விலைபோகும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

டெட்ராய்ட் பப்ளிஷிங் நிறுவனம் வேறு ரகம். மேற்குப் பகுதிகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1897இல் அதில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், பார்க்கத் தகுந்த கட்டடங்களை எடுத்து, அஞ்சல் அட்டையாகவும் சுவர்ப் படமாகவும் விற்பது அதன் தொழில். 1924இல் அது நொடித்துப்போனது. 25,000க்கும் மேற்பட்ட அதன் கண்ணாடி நெகட்டிவ்களும் ஒளிபுகு தட்டுகளும் இப்போது நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. கடைப் பலகையைக் கூட எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு அவை துல்லியமானவை. ஆனால் அவை விற்பனைச் சரக்கு. ஊர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதே குறி.

அச்சடித்த வண்ண அட்டைகளில் பொய் இன்னும் கூடும். முதல் உலகப் போருக்கு முன்பு அவற்றில் பெரும்பங்கு ஜெர்மனியில் அச்சானது. வண்ணம் தீட்டியவர் அந்த ஊரைப் பார்த்தே இருக்க மாட்டார். மின்கம்பிகள் காணாமல் போகும், பகல் படம் நிலவொளிப் படமாக மாறும், தெருவில் இல்லாத மோட்டார் கார் வந்து நிற்கும்.

1933இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடங்களின் கணக்கெடுப்புத் திட்டம் விற்பனை நோக்கம் இல்லாதது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசு தொடங்கியது. அளந்து வரைந்த வரைபடம், பெரிய நெகட்டிவ், எழுத்துக் குறிப்பு மூன்றும் சேர்ந்தே வரும். அழகு குறைவு, நம்பகம் அதிகம். ஒரு கட்டடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் முதலில் தேடுவது இந்தத் தொகுப்பைத்தான்.

விலைபோகாதது படமாகவில்லை என்பதுதான் இதன் மறுபக்கம். மாளிகைகளுக்கும் கடற்கரை ஓட்டல்களுக்கும் குறைவில்லாமல் படங்கள் உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் வீடுகள், கறுப்பின மக்களின் சந்து வீடுகள் அஞ்சல் அட்டை ஆகவில்லை. 1865 ஜூன் 19 அன்று ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் டெக்சாஸில் அடிமைகள் விடுதலையானதை அறிவிக்கும் ஆணையை வெளியிட்டது இந்த ஊரில்தான். அதன் நினைவான ஜூன்டீன்த் 2021 முதல் தேசிய விடுமுறை. அவரது தலைமையகம் இருந்ததாகக் கருதப்படும் ஆஸ்டர்மன் கட்டடம் இப்போது இல்லை. ஸ்ட்ராண்டும் 22ஆம் தெருவும் சந்திக்கும் அந்த இடத்தில் ஒரு வரலாற்றுப் பலகை மட்டும் நிற்கிறது. படங்களில் அந்த நாளைத் தேடுபவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. பெரிய மாளிகைகளின் படங்களை மட்டும் அடுக்கினால், இந்த ஊரில் முதலாளிகள் மட்டுமே வாழ்ந்த மாதிரி ஆகிவிடும்.

வருடத்தைக் கண்டுபிடிப்பது

தேதியில்லாத ஒரு கால்வெஸ்டன் படம் கையில் கிடைத்தால்:

1. முதலில் தெரிந்த கட்டடங்களை வைத்து எல்லை கட்டுங்கள். கடற்கரையில் கிளேட்டன் கட்டிய மரத்தாலான பீச் ஓட்டல் தெரிந்தால் அது 1883க்கும் 1898க்கும் இடைப்பட்டது, 1898இல் எரிந்துவிட்டது. பிராட்வேயில் டெக்சாஸ் வீரர் நினைவுத் தூண் இருந்தால் 1900 அல்லது அதற்குப் பின். கடற்சுவர் இருந்தால் பெரும்பாலும் 1904க்குப் பிறகு. சுவருக்குப் பின்னால் கால்வெஸ் ஓட்டல் இருந்தால் 1911 அல்லது அதற்குப் பின். டிரெமான்ட் ஓட்டல் நின்றுகொண்டிருந்தால் 1928க்கு முன். இல்லாததும் சாட்சிதான். 1900 புயலில் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் கோபுரம் விழுந்தது.

2. கொடியின் நட்சத்திரங்கள். 1896 முதல் 45, 1908 முதல் 46, 1912 முதல் 1959 வரை 48.

3. அஞ்சல் அட்டை என்றால் திருப்பிப் பாருங்கள். 1907 மார்ச்சுக்கு முன்பு பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம், அதனால் சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். நடுவில் கோடு பிரித்திருந்தால் அதற்குப் பிந்தையது. ஆனால் அஞ்சல் முத்திரைத் தேதி அட்டை அனுப்பிய நாளைத்தான் சொல்லும். படம் அதற்குப் பல வருடம் முந்தையதாக இருக்கலாம். நூலகப் பட்டியல்கள் '1900க்கும் 1910க்கும் இடையே' என்று இழுப்பதும் இதனால்தான்.

4. கடைசியாக, சான்போர்ன் வரைபடம். 1867இல் தொடங்கிய அந்த நிறுவனம், தீக் காப்பீட்டுக்காக ஊர்களை ஒரு அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் வரைந்தது. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். எத்தனை மாடி, கூரை எதனால் ஆனது, கீழே என்ன கடை என்பது வரை இருக்கும். சில வருடங்களுக்கு ஒரு முறை புதுப்பித்ததால், ஒரு கட்டடம் எந்தப் பதிப்பில் வந்து எதில் மறைகிறது என்று பார்த்தால் போதும். சுவரின் நிறத்தை ஊகிக்கும் செயலியைவிட இந்தத் தாள் நூறு மடங்கு மேல்.

இந்தப் படங்களால் இன்று என்ன பயன்?

ஸ்ட்ராண்ட் பகுதி 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வருமானம் தரும் ஒரு பழைய கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால், தகுதியான செலவில் 20 சதவீதத்தை மத்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். விதி என்பது அமெரிக்க உள்துறையின் (அங்கே தேசியப் பூங்காக்களையும் வரலாற்றுச் சின்னங்களையும் கவனிக்கும் துறை அது) பத்துத் தரநெறிகள். அதில் ஆறாவது, காணாமல் போன உறுப்பை மறுபடி வைப்பதென்றால் ஆவணமோ கட்டடத்திலேயே தடயமோ இருக்க வேண்டும் என்கிறது. முகப்பின் மேல் விளிம்பு புயலில் போய்விட்டதா? அது எப்படி இருந்தது என்று காட்டும் படம் வேண்டும். பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்து அழகாக ஒன்றைச் செய்து வைத்தால் ஏற்க மாட்டார்கள். தேதி சரியாகக் குறிக்கப்பட்ட ஒரு கண்ணாடி நெகட்டிவுக்கு அங்கே டாலர் மதிப்பு இருக்கிறது. தவறான வருடம் போட்ட படம் வேறொரு காலத்து முகப்பைக் கட்டவைத்துவிடும்.

உரிமை விஷயம் அத்தனை சிக்கலில்லை. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகளைக் கடந்த படம் பொதுச்சொத்து, அந்த வருடம் டிசம்பர் முடிய வேண்டும், அவ்வளவுதான். அரசுக் கணக்கெடுப்புத் தொகுப்பில் பெரும்பகுதியும் அப்படியே. வெளியிடப்படாத குடும்பப் படங்களுக்குக் கணக்கு வேறு: எடுத்தவர் இறந்து 70 ஆண்டு, பெயர் தெரியாதவர் என்றால் எடுத்ததிலிருந்து 120 ஆண்டு. பகிரும்போது நூலகத்தின் பெயரையும் படத்தின் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். எண் இருந்தால் யாரும் மூலக் குறிப்பைத் தேடிப்போய்ப் பார்த்துவிடலாம். டார்டாரியா வீடியோக்களில் அந்த எண் இருப்பது அபூர்வம்.